மெய்நிகர் கணினியும் வன்தட்டின் வேகமும்



கணினிக் கூடம் மெதுவாக இயங்குகிறது என்றால், நம் பள்ளிகளில் உடனே எழுகின்ற பேச்சு 'புதுக் கணினி வாங்க வேண்டும்' என்பதாகவே இருக்கும். பிறகு நன்கொடை அட்டை அச்சாகும். உணவுச் சந்தை நடக்கும். பெற்றோர்கள் விடியற்காலையில் எழுந்து நாசி லெமாக்கும் வடையும் செய்து விற்று வெள்ளி சேர்ப்பார்கள். அப்படி வாங்கிய கணினியும் சில ஆண்டுகளிலேயே பழைய பல்லவியைப் பாடத் தொடங்கிவிடும். கணினியின் எந்த உறுப்பு நம்மைக் காக்க வைக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. என் அனுபவத்தில், அந்த உறுப்பு பெரும்பாலும் வன்தட்டாகவே இருக்கிறது. அதிலும் ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை இயக்கும் இடங்களில் ஐயத்திற்கே இடமில்லை.

முதலில், ஒரு தமிழ்ப்பள்ளிக்கு மெய்நிகர் கணினி எதற்கு என்ற கேள்விக்கு விடை கூறிவிடுகிறேன். மெய்நிகர் கணினி என்பது மென்பொருளால் ஆன கணினி. உண்மையான கணினி ஒன்றின் உள்ளே, தனி இயங்குதளத்தோடு, தான் ஒரு முழுக் கணினி என்றே எண்ணிக்கொண்டு அது இயங்கும். இது புதுச் சரக்கன்று. ஐ.பி.எம். நிறுவனம் தன் பெருங்கணினிகளுக்காக 'விஎம்/370' என்ற அமைப்பை 1972ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. இன்று வெர்ச்சுவல்பாக்ஸ், கேவிஎம் போன்றவை அதே வேலையைச் சாதாரண மேசைக் கணினியில் இலவசமாகச் செய்து தருகின்றன.

எங்களுக்கு அது தேவைப்பட்டதற்குக் காரணம் நூலக அலமாரியில் இருந்த குறுவட்டுகள். 1990களின் இறுதியிலும் 2000ஆம் ஆண்டுகளிலும் தமிழ் கற்பிக்கும் குறுவட்டுகள் பல வெளிவந்தன. எழுத்து அறிமுகம், செய்யுளும் மொழியணியும், சொல் விளையாட்டு எனப் பலவகை. அவை ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எழுத்துரு, ஒரு குறியீட்டு முறை என்று வைத்திருந்தன. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி டாம், டாப் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் தரமாக்கப்பட்டதும், பின்னர் யுனிகோடு வந்து எல்லாவற்றையும் ஒன்றாக்கியதும் மூத்த ஆசிரியர்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பழைய குறுவட்டுகளுள் பல புதிய விண்டோஸில் திறப்பதே இல்லை. திறந்தாலும் எழுத்துகள் சிதறிப் போகின்றன. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் நாள் நிறுத்திவிட்டதால், அதை இணையத்தில் இணைத்து வைப்பதும் தவறு. எனவே இணையம் அண்டாத மெய்நிகர் கணினிக்குள் எக்ஸ்பியை அடைத்து வைத்து, குறுவட்டுகளை அதில் இயக்குவதே எங்களுக்குக் கிடைத்த வழி. அந்தக் குறுவட்டுகளில் உள்ள உச்சரிப்புப் பயிற்சிகளுக்கு ஈடானவை இன்றைய கைப்பேசிச் செயலிகளில் எனக்குத் தென்படவில்லை.

எங்கள் ஏற்பாடு எளிமையானது. லினக்ஸில் இயங்கும் ஒரு தாய்க் கணினி. அதில் 32 ஜிகாபைட் நினைவகம். 1 டெராபைட் வன்தட்டுகள் இரண்டு, ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் பதியும்படி இணைக்கப்பட்டவை. அதனுள் எக்ஸ்பி மெய்நிகர் கணினிகள் எட்டு. மாணவர்களின் படைப்புகளைச் சேமித்து வைக்கும் காப்பகமாக, லினக்ஸில் இயங்கும் ஒன்பதாவது ஒன்று. மாணவர்களின் மேசைகளில் இருக்கும் பழைய கணினிகள் திரையும் விசைப்பலகையும் தருவதோடு சரி.

தொல்லை என்னவென்றால், எட்டு மெய்நிகர் கணினிகளும் ஒரே நேரத்தில் தொடங்க 12 நிமிடங்கள் பிடித்தன. நமது பாடவேளை 30 நிமிடம். இரண்டு பாடவேளைகளைச் சேர்த்தாலும் ஒரு மணி நேரம்தான். மாணவர்கள் வரிசையாக நடந்து வந்து அமர்வதற்கும், இறுதியில் கூடத்தை ஒழுங்குபடுத்துவதற்கும் போக, மீதியில் கால்பங்கை மணற்கடிகாரமே விழுங்கிவிடும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு தந்தை எழுந்து நின்றார். செம்பனை எண்ணெய் ஆலையில் இயந்திரம் பழுதுபார்ப்பவர். "சார், இன்னிக்குக் கணினிப் பாடத்தில என்னடா படிச்சேன்னு மகனைக் கேட்டா, மணல் கடிகாரம் பாத்தோம்பான்னு சொல்றான். பக்கத்துப் பள்ளியில இப்படி இல்லைன்னு வீட்டுல பேச்சு வந்துருச்சு. அடுத்த ஆண்டு அங்கே மாத்திடலாமான்னு கேக்கறாங்க" என்றார். அவர் கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. எங்களுடையது குறைந்த மாணவர் பள்ளி. ஒரு குடும்பம் போனால் இரண்டு பிள்ளைகள் போவார்கள். அண்ணன் போன வழியில் தங்கையும் போவாள்.

அதே கூட்டத்தில், புதுக் கணினிக்கான விலைப்பட்டியலும் வைக்கப்பட்டது. விற்பனையாளர் ஒருவர் தந்தது, எண்ணாயிரம் வெள்ளி. இரு மடங்கு திறன்கொண்ட மையச் செயலகம், இரு மடங்கு நினைவகம் என்று அடுக்கியிருந்தார். வன்தட்டு மட்டும் பழைய வகையிலேயே இரண்டு என்றிருந்தது. 'இரண்டு வாரம் தாருங்கள், அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்' என்று தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டேன்.

லினக்ஸில் 'ஐஓஸ்டாட்' என்றொரு சிறு கருவி உண்டு. ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் திரையைப் பார்த்துவிட்டு, "சார், பேர்லேயே ஐயோ இருக்கு" என்றான். பொருத்தமான பெயர்தான். எட்டு மெய்நிகர் கணினிகளும் தொடங்கும்போது அது காட்டிய செய்தி இது: வன்தட்டு நூற்றுக்கு நூறு விழுக்காடு வேலையில் இருக்கிறது, விநாடிக்கு எண்பது கோரிக்கைகளைத்தான் முடிக்கிறது, ஒவ்வொரு கோரிக்கையும் சராசரியாக 200 மில்லி விநாடி வரிசையில் நிற்கிறது, நகரும் தரவோ விநாடிக்கு 1.3 மெகாபைட் மட்டுமே. மையச் செயலகமோ பெரும்பாலான நேரம் கைகட்டி நின்றது. அதை இரு மடங்காக்கினால், கைகட்டி நிற்பவர்கள் இரு மடங்காவார்கள், வேறொன்றும் நடக்காது.

விநாடிக்கு எண்பதுதானா என்று வியப்பவர்களுக்காக ஒரு சிறிய கணக்கு. நமது வன்தட்டு நிமிடத்திற்கு 7200 சுற்று சுழல்கிறது. அதாவது விநாடிக்கு 120. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. வேண்டிய தரவு முனையின் கீழ் வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஏறத்தாழ 4.2 மில்லி விநாடி காத்திருக்க வேண்டும். அதற்கு முன் முனை சரியான தடத்திற்கு நகர இன்னும் எட்டு, ஒன்பது மில்லி விநாடி. இரண்டையும் கூட்டினால் 12, 13 மில்லி விநாடி. ஆக, விநாடிக்கு ஏறத்தாழ 80 முறைதான் அது இடம் மாறி இடம் படிக்க முடியும். இது எந்திரவியலின் எல்லை. மென்பொருளைத் திட்டிப் பயனில்லை.

அதே வன்தட்டு, ஒரு பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படித்தால் விநாடிக்கு நூறு மெகாபைட்டுக்கும் மேல் தரும். தொடர்ச்சியாகப் படிப்பதற்கும் தாவித் தாவிப் படிப்பதற்கும் இடையே அவ்வளவு வேறுபாடு. மெய்நிகர் கணினிகளின் சிக்கல் முழுவதும் இங்கேதான் அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் ஒரு 'வன்தட்டு' உண்டு. உண்மையில் அது தாய்க் கணினியில் உள்ள ஒரு பெரிய கோப்பு. எட்டு எக்ஸ்பிகளும் தத்தம் வன்தட்டை ஒழுங்காக, முன்னிருந்து பின்னாகப் படிப்பதாகவே எண்ணிக்கொள்கின்றன. கீழே இருக்கும் ஒற்றை முனையோ எட்டுக் கோப்புகளுக்கு இடையே ஓடி ஓடி இளைக்கிறது. எட்டு மாணவர்கள் எட்டு வெவ்வேறு நூல்களை ஒரே நூலகரிடம் பக்கம் பக்கமாகக் கேட்டால், அவர் படிப்பதற்குச் செலவிடும் நேரத்தைவிட அலமாரிகளுக்கு இடையே நடக்கும் நேரமே அதிகமாகும் அல்லவா? அதுபோலத்தான்.

எக்ஸ்பி ஒன்று தொடங்க ஏறத்தாழ 120 மெகாபைட் படிக்கிறது. எட்டுக்கும் 960 மெகாபைட். விநாடிக்கு 1.3 மெகாபைட் என்றால் வகுத்துப் பாருங்கள். 12 நிமிடத்துக்குச் சற்று மேல் வரும். ஐந்தாம் ஆண்டுக் கணிதப் பாடத்தில் இந்தக் கணக்கையே கொடுத்தேன். நேரில் பார்த்த 12 நிமிடம் விடையாக வந்தபோது வகுப்பே ஆர்ப்பரித்தது.

சிக்கல் இன்னதென்று தெரிந்த பிறகு, முதல் தீர்வுக்கு ஒரு காசும் செலவில்லை. எட்டு எக்ஸ்பிகளும் ஒன்றுபோலவே இருப்பவை. அப்படியிருக்க, எட்டுத் தனித்தனிப் பிரதிகள் எதற்கு? கேவிஎம் பயன்படுத்தும் 'கியூகவ்2' வகைக் கோப்பில் ஓர் அருமையான வசதி உண்டு. ஒரே மூலக் கோப்பை எல்லோரும் படிக்கலாம். அவரவர் செய்யும் மாற்றங்கள் மட்டும் அவரவருடைய சிறிய மேற்கோப்பில் பதியும். மூலக் கோப்பு ஒன்றே என்பதால், முதல் மெய்நிகர் கணினி படித்த பகுதி தாய்க் கணினியின் நினைவகத்தில் தங்கிவிடும். மற்ற ஏழும் அதே பகுதியைக் கேட்கும்போது வன்தட்டுக்கே போக வேண்டியதில்லை, நினைவகத்திலிருந்தே கிடைக்கும். ஒவ்வொரு எக்ஸ்பிக்கும் 1 ஜிகாபைட் ஒதுக்கினாலும் எங்கள் 32 ஜிகாபைட்டில் பெரும்பகுதி சும்மா கிடந்தது. அது இப்போது வேலைக்கு வந்தது. 12 நிமிடம் இரண்டு நிமிடமாகக் குறைந்தது.

இன்னொன்றும் செய்தேன். மூலக் கோப்பின் அளவு 4 ஜிகாபைட். காலை ஏழரை மணிக்கு, அந்தக் கோப்பை ஒருமுறை முழுமையாகப் படிக்கும்படி தாய்க் கணினிக்குக் கட்டளை எழுதி வைத்தேன். தொடர்ச்சியாகப் படிப்பதால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். மாணவர்கள் வருவதற்குள் எக்ஸ்பி முழுவதும் நினைவகத்தில் தயாராக இருக்கும். அன்று முதல் எட்டும் ஒரு நிமிடத்திற்குள் தொடங்கிவிடுகின்றன. புதிதாக எந்தப் பொருளும் வாங்காமலேயே இதுவரை வந்துவிட்டோம் என்பதைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும்.

இம்முறையைப் பின்பற்ற விரும்பும் ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மேற்கோப்புகள் இருக்கும்போது மூலக் கோப்பில் கைவைக்கவே கூடாது. புதிய குறுவட்டை மூலத்தில் நிறுவ வேண்டுமென்றால், மேற்கோப்புகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டே நிறுவ வேண்டும். இல்லையேல் எட்டும் ஒருசேரக் கெட்டுப்போகும்.

அடுத்தது, இயக்கி. மெய்நிகர் கணினிக்குப் பழைய ஐடிஇ வன்தட்டு இருப்பதுபோல் பாவனை காட்டுவதே எங்கள் பழைய அமைப்பு. இந்தப் பாவனைக்கு விலை உண்டு. ஒவ்வொரு கோரிக்கைக்கும் மெய்நிகர் கணினி பலமுறை நின்று நின்று தாய்க் கணினியிடம் கைமாற வேண்டும்; அதோடு ஒரு நேரத்தில் ஒரே கோரிக்கைதான் போகும். இதற்கு மாற்றாக எழுந்ததுதான் 'விர்ட்டியோ'. 2008 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.6.24 முதல் அது லினக்ஸோடு வருகிறது. தான் மெய்நிகர் கணினி என்பதை அறிந்த இயக்கி அது. பாவனை எதுவுமின்றி, கோரிக்கைகளைக் கட்டுக்கட்டாகத் தாய்க் கணினியிடம் ஒப்படைத்துவிடும். லினக்ஸில் நாம் ஒன்றும் நிறுவ வேண்டியதில்லை. விண்டோஸுக்கு மட்டும் தனியே நிறுவ வேண்டும். எக்ஸ்பிக்கான இயக்கி புதிய வெளியீடுகளில் இல்லை. பழைய வெளியீட்டைத் தேடி எடுக்க வேண்டும்.

நிறுவுவதிலும் ஒரு நுணுக்கம் உள்ளது. தொடக்க வன்தட்டை நேரடியாக விர்ட்டியோவுக்கு மாற்றினால் எக்ஸ்பி நீலத்திரை காட்டி நின்றுவிடும். அதைப் படிக்கும் இயக்கி இன்னும் உள்ளே இல்லையே! ஆகவே, முதலில் விர்ட்டியோ வகையில் வெற்று வன்தட்டு ஒன்றைச் சிறியதாக, இரண்டாவதாக இணைக்க வேண்டும். எக்ஸ்பி அதைக் கண்டு இயக்கி கேட்கும், கொடுக்க வேண்டும். பிறகு கணினியை நிறுத்தி, தொடக்க வன்தட்டை விர்ட்டியோவாக மாற்றிக்கொண்டு, அந்த வெற்று வன்தட்டை நீக்கிவிடலாம்.

எக்ஸ்பியோடு வரும் மற்றொரு பழங்காலச் சிக்கல் பகிர்வின் தொடக்க இடம். எக்ஸ்பி தன் முதல் பகிர்வை 63ஆம் செக்டரில் தொடங்கும். 63ஐ 512ஆல் பெருக்கினால் 32,256 பைட். இது 4096ஆல் மீதியின்றி வகுபடாது. இன்றைய வன்தட்டுகளோ உள்ளுக்குள் 4096 பைட் கட்டங்களாகவே எழுதுகின்றன. எனவே எக்ஸ்பி எழுதும் ஒவ்வொரு 4096 பைட்டும் இரண்டு கட்டங்களின் மேல் காலைப் பரப்பிக்கொண்டு விழும். வன்தட்டு இரண்டையும் படித்துத் திருத்தி மீண்டும் எழுத வேண்டியிருக்கும். விஸ்டா முதல் விண்டோஸ் 1 மெகாபைட் தள்ளித் தொடங்குவதால் இந்தத் தொல்லை இல்லை. எக்ஸ்பியை நிறுவுமுன், வேறொரு கருவியால் பகிர்வை 2048ஆம் செக்டரில் உருவாக்கி வைத்துவிட்டு, அதிலேயே நிறுவச் சொன்னால் போதும்.

எக்ஸ்பிக்கு உள்ளேயும் களையெடுக்க வேண்டியவை சில இருந்தன. எட்டிலும் நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் காலை பத்து மணிக்கு முழுச் சோதனை செய்யும்படி வைக்கப்பட்டிருந்தது. எட்டும் ஒரே பத்து மணிக்கு! இணையமும் விரலியும் இணைக்கப்படாத, நாள்தோறும் புதிதாகப் பிறக்கின்ற கணினிக்கு அந்தச் சோதனை தேவையில்லை; நிறுத்தினேன். கோப்புகளை அட்டவணையிடும் சேவையையும், ஒவ்வொரு கோப்பையும் கடைசியாகத் திறந்த நேரத்தைக் குறித்து வைக்கும் வழக்கத்தையும் நிறுத்தினேன். முன்பு ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கியிருந்த நினைவகம் 512 மெகாபைட். அது போதாமல் எக்ஸ்பி வன்தட்டையே நினைவகமாகப் பயன்படுத்தித் தவித்தது. வன்தட்டு மெதுவாக இருப்பதாகத் தோன்றினாலும் மூலக் காரணம் நினைவகப் பற்றாக்குறையாக இருக்கலாம் என்பதற்கு இது நல்ல சான்று. முன்பு பராமரித்தவர் மாதந்தோறும் எடுத்து விட்டுச்சென்ற ஸ்னாப்ஷாட்டுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதினான்கு அடுக்கு இருந்தன. ஒரு பக்கத்தைப் படிக்க, அது எந்த அடுக்கில் இருக்கிறது என்று மேலிருந்து கீழாகத் தேட வேண்டும். ஸ்னாப்ஷாட் என்பது காப்புப்படி அன்று. வேலை முடிந்ததும் அதைக் கலைத்துவிட வேண்டும்.

இணையத்தில் இன்னும் பல ஆலோசனைகள் சுற்றுகின்றன. 'நூப்' திட்டமிடலைத் தேர்ந்தெடுங்கள், 'டெட்லைன்' வையுங்கள் என்பார்கள். அவை பழைய லினக்ஸுக்கு எழுதப்பட்டவை. 2019இல் வந்த லினக்ஸ் 5.0 அந்தப் பழைய பட்டியலையே நீக்கிவிட்டது. இப்போதுள்ள 'நன்', 'எம்க்யூ-டெட்லைன்' ஆகியவற்றுள் மெய்நிகர் கணினிக்குள் 'நன்' போதும். வரிசைப்படுத்துவதைத் தாய்க் கணினி பார்த்துக்கொள்ளும். இவற்றால் எங்களுக்குப் பெரிய வேறுபாடு எதுவும் தெரியவில்லை. இரவெல்லாம் விழித்திருந்து மாற்றிப் பார்க்குமளவுக்கு அவை தகுதியுடையவை அல்ல என்பது என் கருத்து.

இனி, நான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய இடத்திற்கு வருகிறேன்.

மெய்நிகர் கணினி எழுதுவதைத் தாய்க் கணினி எவ்வாறு கையாள வேண்டும் என்பதற்குப் பல நிலைகள் உள்ளன. 'நன்' என்று வைத்தால், தாய்க் கணினியின் இடைநினைவைத் தவிர்த்துவிட்டு நேரே வன்தட்டுக்குப் போகும். 'ரைட்பேக்' என்றால், இடைநினைவில் வைத்துக்கொண்டு 'எழுதிவிட்டேன்' என்று சொல்லும். ஆனால் மெய்நிகர் கணினி 'இதுவரை உள்ளதை உண்மையாகவே வன்தட்டில் இறக்கு' என்று கட்டளையிட்டால் கீழ்ப்படியும். 'ரைட்த்ரூ' ஒவ்வொன்றையும் இறக்கிய பிறகே பதில் சொல்லும். பாதுகாப்பானது, மிக மெதுவானது. கடைசியாக ஒன்று உண்டு: 'அன்சேஃப்'. பெயரிலேயே ஆபத்து என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். இறக்கு என்ற கட்டளையைக் காதில் வாங்காமலேயே 'ஆயிற்று' என்று பொய் சொல்லும். எல்லாவற்றிலும் வேகமானது இதுதான்.

எட்டு எக்ஸ்பிகளுக்கும் 'அன்சேஃப்' வைத்திருக்கிறேன். அவற்றின் மேற்கோப்புகளை நாள்தோறும் காலையில் அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குகிறோம். ஒரு விநாடிகூட ஆகாது. மின்சாரம் போனால் போவது அன்றைய மேற்கோப்பு மட்டுமே. அழியப்போகும் கோப்பைப் பாதுகாக்க வன்தட்டை ஏன் வருத்த வேண்டும்?

இதன் வேகத்தைக் கண்ட எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர், "அப்படின்னா ஒன்பதாவதுக்கும் அதையே போட்டுடலாமே, சார்? பிள்ளைங்க கோப்பைச் சேமிக்கும்போதும் காத்திருக்கத்தானே செய்றாங்க" என்று கேட்டார். நியாயமான கேள்வி. என் விடை, கூடாது என்பதே.

அந்த ஒன்பதாவதில் இருப்பவை மாணவர்களின் கட்டுரைகளும் படங்களும் மட்டுமல்ல. ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் தத்தம் பாட்டி, தாத்தாக்களிடம் கேட்டுப் பதிவுசெய்த குரல்கள் அதில் உள்ளன. பால்மரக் காட்டில் வெட்டுக்குப் போன நாள்கள், தீம்பாரில் பாடிய தாலாட்டு, லயத்து வீட்டுத் தீபாவளி என்று மூன்று ஆண்டுகளாகச் சேர்த்தவை. பேசியவர்களுள் சிலர் இன்று உயிரோடு இல்லை. எங்கள் வட்டாரத்தில் பிற்பகல் இடிமழை என்பது விருந்தாளி அன்று, வீட்டு ஆள். மின்னல் வெட்டினால் விளக்கு அணையும். சில நாள்களில் இருமுறை அணையும். 'அன்சேஃப்' வைத்திருக்கும் வேளையில் மின்சாரம் போனால், அண்மையில் சேமித்த கோப்பு போவதோடு நிற்காது. கோப்புகளின் அட்டவணையே பாதி எழுதப்பட்ட நிலையில் நின்று, பழைய பதிவுகளையும் எடுக்க முடியாமல் போகலாம். எக்ஸ்பியின் வேகத்தை நினைவகத்திலிருந்து கடன் வாங்கினோம். பாட்டிமார் குரலுக்கு அந்தக் கடன் வேண்டாம் என்றேன். தலைவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கம்மா பேசினதும் அதிலதான் இருக்கு" என்றார்.

அதனால் ஒன்பதாவதுக்கு வேறு வகையான கவனிப்பு. அதன் வன்தட்டுக் கோப்பை, அடுக்குகள் எதுவுமில்லாத 'ரா' வகையில், முழு இடத்தையும் முன்கூட்டியே ஒதுக்கி உருவாக்கினேன். எழுதும்போதெல்லாம் இடம் தேட வேண்டியதில்லை. விர்ட்டியோ இயக்கி, 'நன்' நிலை. இரண்டு வன்தட்டுகளிலும் ஒருசேரப் பதியும் பழைய ஏற்பாட்டிலேயே விட்டுவிட்டேன். எட்டு எக்ஸ்பிகளின் இரைச்சல் அந்த வன்தட்டுகளிலிருந்து விலகியதே அதற்குப் பெரிய வேகம். வரிசையில் முன்னால் நின்ற எட்டுப் பேர் போய்விட்டால், ஒன்பதாமவர் ஓட வேண்டியதில்லை.

அப்படி விலக்குவதற்காகத்தான் ஒரே ஒரு பொருள் வாங்கினோம்: எஸ்.எஸ்.டி. எனப்படும் திடநிலைச் சேமிப்பகம், சில நூறு வெள்ளி விலையில். சுழலும் தட்டும் நகரும் முனையும் அதில் இல்லை. சாட்டா வகையிலேயே விநாடிக்குப் பல பத்தாயிரம் கோரிக்கைகளை முடிக்கும். எண்பது எங்கே, பல்லாயிரம் எங்கே! எக்ஸ்பி மூலக் கோப்பும் மேற்கோப்புகளும் இப்போது அதில்தான் உள்ளன. விலைப்பட்டியலில் இருந்த எண்ணாயிரம் வெள்ளிக் கணினியில் இந்தப் பொருள் இடம்பெறவே இல்லை என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வீட்டில் வெர்ச்சுவல்பாக்ஸ் பயன்படுத்தும் பெற்றோர்கள் சிலர் என்னிடம் கேட்டதற்கும் இங்கேயே விடை தந்துவிடுகிறேன். மெய்நிகர் கணினியின் கோப்பை யுஎஸ்பி 2.0 விரலியிலோ வெளி வன்தட்டிலோ வைக்காதீர்கள், மடிக்கணினியின் எஸ்.எஸ்.டி.யில் வையுங்கள். புதிதாக உருவாக்கும்போது சுழலும் வன்தட்டு என்றால் நிலையான அளவைத் தேர்ந்தெடுப்பது நல்லது, எஸ்.எஸ்.டி. என்றால் வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. உள்ளிருக்கும் இயங்குதளம் விஸ்டாவோ அதற்குப் பிந்தியதோ என்றால், ஐடிஇயை விட்டுச் சாட்டா கட்டுப்படுத்தியை வையுங்கள். வீட்டுக் கணினியின் நச்சுநிரல் தடுப்பு மென்பொருளிடம், மெய்நிகர் வன்தட்டுக் கோப்பு இருக்கும் கோப்புறையை விட்டுவிடும்படி சொல்லுங்கள். இல்லையென்றால் பல ஜிகாபைட் கோப்பை அது அடிக்கடி முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். நினைவகத்தில் பாதிக்கு மேல் மெய்நிகர் கணினிக்குத் தாரைவார்க்காதீர்கள். வெர்ச்சுவல்பாக்ஸ் சாளரத்தின் அடியில் பச்சை ஆமை ஒன்று தெரிந்தால் மட்டும் வன்தட்டைக் குறை சொல்லாதீர்கள். விண்டோஸின் ஹைப்பர்-வி குறுக்கே நிற்கிறது என்று பொருள்.

சங்கம் சேர்த்த பணத்தில் பெரும்பகுதி இன்னும் வங்கியில் இருக்கிறது. அதிலிருந்து தடையில்லா மின்வழங்கி ஒன்றும், ஒலிவாங்கியோடு கூடிய காதணிபேசிகள் பத்தும் வாங்கக் கூட்டம் ஒப்புதல் தந்துள்ளது. மின்வழங்கி வந்துவிட்டது. மின்சாரம் போனவுடன் அது தாய்க் கணினிக்குத் தகவல் அனுப்ப வேண்டும்; முதலில் ஒன்பதாவது முறையாக அணைய வேண்டும், எக்ஸ்பிகள் எட்டும் அதன் பிறகு எப்படிப் போனாலும் போகட்டும். அந்த வரிசையை வருகின்ற வெள்ளிக்கிழமை, பள்ளி முடிந்த பிறகு, மின்கம்பியைப் பிடுங்கிச் சோதிக்கவிருக்கிறோம். ஆலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் அந்தத் தந்தை தாமே உதவிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். மகனையும் அழைத்து வருகிறாராம்.